எழுபத்தொன்றாவது சுலோகம்

பல்லக்கா என்ற பெயர் அவளுக்குப் பிழைப்பால் வந்தது. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவள் வேலை. மருத்துவர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவாள். அது இறுகியதும் மெழுகில் ஈறு பிடிப்பாள். பிறகு ஒவ்வொரு பல்லாக எடுத்து உட்காரவைப்பாள். முன்பல் ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குப் பேச்சு குழறும் என்பதால் எதிலும் அவசரப்படவே மாட்டாள். ஒருத்தியைப் பழிவாங்கவும் அதே பொறுமைதான் வேண்டும் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் அவளுக்குத் தெரியவந்தது.

அந்த ஒருத்தி அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவனுடைய தம்பியின் மனைவி. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்பதைக்கூட, கேட்கிறவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போகிற மாதிரிச் சொல்வாள். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு குழைவு. பல்லக்கா இருந்த அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே குடியிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் சொத்துத் தகராறு கிடையாது, நகைத் தகராறு கிடையாது. சுலோகத் தகராறு. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். பல்லக்காவுக்கு மட்டும் வரவில்லை.

கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறை உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே கிடக்கும் டேபிள் டென்னிஸ் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, பாய் விரித்து, பதினான்கு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள். தேவி மேல் சமஸ்கிருதத்தில் நூற்றெட்டு சுலோகம். சொல்லி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதன் பிறகு பத்து நிமிடம் மௌனம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பல்லக்காவும் இன்னும் இரண்டு பேருமாக ஆரம்பித்தது அது. "மனசு நிக்கணும்னா வாய் ஓடணும். வாய் ஓடணும்னா கையில புத்தகம் இருக்கக் கூடாது" என்பது அவள் போட்ட சட்டம். முதல் அடியை முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் சொல்வாள், இரண்டாம் அடியைக் கூட்டம் சொல்லும். பத்தொன்பது வருடமும் முன்னால் உட்கார்ந்திருந்தவள் பல்லக்காதான்.

போன வருடம் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. மூன்று மாதம் கழித்துத் திரும்பிவந்தது வேறு யாருடைய குரலோ. கீழே பேசினால் கரகரப்பு, மேலே ஏற்றினால் வெறும் காற்று. அந்த மூன்று மாதமும் முன் இடத்தில் ஓரகத்தி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். யாராவது ஒருத்தி உட்கார வேண்டியதுதானே, அதில் பல்லக்காவுக்கு வருத்தமில்லை. திரும்பி வந்த முதல் நாள் தன் இடத்தை நோக்கி நடந்தாள். ஓரகத்தி எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்து, ரயில் நிலையக் குரலில் சொன்னாள்.

"அக்கா, நீங்க அலட்டிக்காதீங்க. அங்க கதவுப் பக்கம் காத்தோட்டமா உக்காருங்க. சத்தமா சொல்ல வேணாம், மனசுக்குள்ளயே சொல்லுங்க. உங்க குரல் இப்ப ஒரு மாதிரி இருக்கில்ல, எல்லாருக்கும் தியானம் கலைஞ்சுடும்."

பதின்மூன்று பெண்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். கதவுப் பக்கம் என்பது செருப்பு அலமாரிப் பக்கம். பல்லக்கா போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன. இத்தனை பேர் முன்னால் ஒருவர்கூட "அது அவங்க இடமாச்சே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். "சாமி எங்க உக்காந்தாலும் கேக்கும். சின்னவ ஏதோ ஆசப்படுறா, விட்டுடு" என்றார். தம்பி வீட்டு விஷயத்தில் அவர் எப்போதுமே பெரிய மனிதர். விட்டுக்கொடுக்கிற பொருள் பெண்டாட்டியுடையதாக இருந்தால் இன்னும் பெரிய மனிதர்.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாமல் போனது லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்புத் தாளால். ஏதோ ஒரு தியான மையம் காலை நேரத்தில் மந்திரப் பாராயணங்களை நேரலையில் காட்டுகிறதாம். பல நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் பார்ப்பார்களாம். பதினோரு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை இந்தக் குழுவின் முறை. பட்டுப்புடவையில் ஓரகத்தியின் படம், அதன் கீழே "பத்தொன்பது ஆண்டுகளாகப் புத்தகமின்றி" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. ஓரகத்தி குழுவில் சேர்ந்தே ஆறு வருடம்தான் ஆகிறது.

"பத்தொன்பது வருஷம்னு போட்டிருக்கே?" என்று பல்லக்கா கேட்டாள்.

"அது குழுவோட வயசுதானே அக்கா? நீங்க வேற நான் வேறயா?" என்று ஓரகத்தி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வேலையில் பல்லக்கா ஒரு கடைவாய்ப் பல்லைத் தலைகீழாக வைத்தாள். இருபத்தேழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதைப் பிடுங்கி எடுக்கும்போதே திட்டம் முழுசாக மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது.

நூற்றெட்டு சுலோகத்தில் ஒரு பொறி உண்டு. இருபத்தெட்டாவதும் எழுபத்தொன்றாவதும் ஒரே முதல் அடியில் தொடங்கும். எழுத்துப் பிசகாமல் ஒரே அடி. இரண்டாம் அடிதான் வேறு. மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கு ஒவ்வோர் அடியும் அடுத்த அடியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். நடுவில் யோசனைக்கு இடமே இல்லை. எழுபத்தொன்றில் தவறிப்போய் இருபத்தெட்டின் இரண்டாம் அடியைச் சொல்லிவிட்டால் நாக்கு நேரே இருபத்தொன்பதுக்குப் போய்விடும். பிறகு நாற்பத்து மூன்று சுலோகம் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் நிற்கும். அதற்காகத்தான் பல்லக்கா முன்னால் இருந்த காலத்தில் எழுபத்தொன்றின் முதல் அடி முடிவில் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக் காட்டுவாள். கண்ணை மூடியிருக்கிற கூட்டத்துக்கு அது அடையாளம். ஓரகத்தியும் அந்த இழுப்பை அப்படியே கற்றுவைத்திருந்தாள்.

ஓரகத்திக்குத் தெரியாத ஒன்று பல்லக்காவுக்குத் தெரியும். முன்னால் உட்காருகிறவள் வீட்டில் இரண்டு அடியையும் தானே சொல்லிப் பழக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் அடியெல்லாம் கூட்டத்தோடு போய்விடும், முதல் அடி மட்டும் கையில் நிற்கும். ஓரகத்தி வீட்டில் ஒரு நாளும் சொல்கிறவள் அல்ல. கூட்டம் எந்த அடியை நீட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறவள். கூட்டத்தைத் திருப்பினால் அவளும் திரும்பிவிடுவாள்.

கூட்டத்தைத் திருப்புவது பெரிய விஷயமே இல்லை. யார் அரை மாத்திரை முந்துகிறாளோ அவள் பின்னால்தான் மற்றவர்கள் போவார்கள். பல்லக்காவின் குரல் எடுபடாது, சரி. ஆனால் செருப்பு அலமாரிப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் பெயர் ஸ்பீக்கர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், எட்டுத் தெருவுக்குக் கேட்கிற தொண்டை. சத்தம் தாங்காமல்தான் அவளையும் கதவோரம் தள்ளியிருந்தார்கள். ஸ்பீக்கருக்கு எட்டு வருடமாகியும் பாதி சுலோகம் நிற்காது. பக்கத்தில் இருப்பவள் வாயைத் திறந்ததும் அதைப் பிடித்துப் பத்து மடங்காக விடுவாள். அந்த இழுப்பு இருக்கிறதே, அதற்குள் ஸ்பீக்கரின் காதில் ஓர் அடியைப் போட்டால் போதும், வேலை முடிந்தது.

ஓரகத்தி நேரலையில் சுற்றட்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. வேர்த்து விறுவிறுத்து, என்ன நடக்கிறதென்று தெரியாமல் முழிக்கட்டும். அப்புறம் பல்லக்கா இந்தக் கரகரத்த தொண்டையாலேயே எழுபத்தொன்றின் சரியான அடியை எடுத்துக் கொடுத்து, கூட்டத்தை வெளியே கொண்டுவருவாள். அப்போது தெரியும் அது யார் இடமென்று. "அம்மா, அந்த ஒரு நாள் மட்டும் நீ காதைப் பொத்திக்கோ" என்று தேவியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. அவளுடைய நாக்கு ஒத்துழைக்க மறுத்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். எழுபத்தொன்றின் முதல் அடி வந்ததும் சரியான இரண்டாம் அடி தானாக வந்து விழுந்தது. மறுபடி சொன்னாள், மறுபடியும் சரியாகவே வந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம், தப்பாகச் சொல்ல வேண்டுமென்று முயன்றாலும் தப்பு வரவில்லை. அரை மாத்திரை முந்த வேண்டுமென்றால் யோசிக்கவே நேரமிருக்காது. தப்பும் தானாக வர வேண்டும்.

ஆகவே பழகினாள். தினமும் அந்த ஓர் இடத்தை மட்டும் நூற்றெட்டு முறை. கையில் ஜபமாலை. முதல் அடி, இழுப்பு, அதற்குள் இருபத்தெட்டின் இரண்டாம் அடி. ஒவ்வொரு மணிக்கும் ஓரகத்தியின் முகத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வாள். "மனசுக்குள்ளயே சொல்லுங்க" என்று சொன்ன அந்த வாயை. அது கோணிக்கொண்டு திக்குவதைப் பார்த்துப் பார்த்து மணியைத் தள்ளுவாள். உண்மையைச் சொல்வதானால், பத்தொன்பது வருடத்தில் அவள் மனம் இப்படி ஒரே இடத்தில் நின்றதே இல்லை. எழுந்திருக்கும்போது உடம்பெல்லாம் லேசாக இருக்கும். வேலையிலும் மெழுகைச் சீவிக்கொண்டே முணுமுணுப்பாள். காலைக் கூட்டத்தில் மட்டும் அந்த இடம் வந்ததும் உதட்டை மூடிக்கொள்வாள். மூன்றாவது வாரம் நாக்கு கொஞ்சம் இளகியது. ஆறாவது வாரம் பத்துக்கு ஏழு தப்பாக வந்தது. பத்தாவது வாரம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாகச் சொல்வாள். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

"இப்பதான் உன் மொகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு. பாத்தியா, விட்டுக்கொடுத்தா மனசு எவ்வளவு நிம்மதியா இருக்கு" என்றார் புருஷன்.

"ஆமா, ரொம்ப நிம்மதி" என்றாள்.

அந்த ஞாயிறும் வந்தது. ஐந்தாவது மாடி அறையில் டேபிள் டென்னிஸ் மேசை இருந்த சுவடே தெரியாமல் துணி போட்டு மூடியிருந்தார்கள். மூன்று கால் வைத்த கேமரா, மூன்று விளக்கு. தியான மையத்திலிருந்து வந்த அம்மாள் வெள்ளைச் சால்வையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி படத்தில் இருந்த அதே பட்டில் இருந்தாள். கேமராவைப் பார்த்து, பத்தொன்பது ஆண்டு, புத்தகம் கிடையாது, எல்லாம் உள்ளிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் பேசினாள். அடுத்த ரயிலுக்குக் கூட்டம் சேர்க்கிற அத்தனை சாமர்த்தியமும் அந்தப் பேச்சில் இருந்தது. பல்லக்காவின் பெயர் அதில் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை அவள் வாயை மூடிக்கொண்டிருப்பாளோ என்னவோ.

ஆரம்பித்தார்கள். இருபத்தெட்டு போனது, ஐம்பது போனது. எழுபத்தொன்று வந்தது. ஓரகத்தி முதல் அடியைச் சொல்லிக் கடைசி எழுத்தை அழகாக இழுத்தாள். அந்த இழுப்புக்குள் பல்லக்கா ஸ்பீக்கரின் காதில் அடியைப் போட்டாள். ஸ்பீக்கர் அதைப் பிடித்து முழங்கினாள். மற்றப் பதினோரு பெண்களும் ஸ்பீக்கரின் பின்னால் போனார்கள். ஓரகத்தி ஒரு நொடிகூடத் தயங்காமல் இருபத்தொன்பதை எடுத்தாள். பல்லக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஓரகத்திக்கு விஷயம் பிடிபட்டது முப்பத்தைந்தில். குரலில் ஒரு சின்ன நடுக்கம். ஆனால் பாராயணத்தில் நடுவில் நிறுத்தக் கூடாது, நேரலையில் அறவே கூடாது. போய்க்கொண்டே இருந்தாள். பத்து நிமிடத்தில் எழுபத்தொன்று மறுபடி வந்தது. இந்த முறை அவள் நிதானித்து, இழுப்பை இன்னும் நீட்டினாள். நீட்டியது பல்லக்காவுக்குத்தான் வசதியாகப் போயிற்று. மறுபடி இருபத்தொன்பது. தியான மையத்து அம்மாள் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஓரகத்தியின் நெற்றியில் வேர்வை, பட்டின் கழுத்தோரம் ஈரம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். பல்லக்கா கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு சொட்டையும் பார்த்தாள். இன்னும் இன்னும் என்றது மனம்.

மூன்றாவது முறை எழுபத்தொன்று வந்தபோது ஓரகத்தி முதல் அடியைப் பாதியில் நிறுத்திவிட்டாள். பெண்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். ஓரகத்தி செருப்பு அலமாரியை நோக்கித் திரும்பினாள். அந்தக் குழைவெல்லாம் போய், பயந்த ஒரு சாதாரணப் பெண்ணின் குரல் வந்தது.

"அக்கா... நீங்க எடுத்துவிடுங்க அக்கா. எனக்குப் புரியல. நீங்கதான் எடுக்கணும்."

கேமராவும் திரும்பியது. இதற்காகத்தானே பதினோரு வாரம்! பல்லக்கா முதுகை நிமிர்த்தினாள். தொண்டையைச் செருமினாள். கரகரப்பாக இருந்தாலும் தெளிவாக எழுபத்தொன்றின் முதல் அடியைச் சொன்னாள். கடைசி எழுத்தை இழுத்தாள். இரண்டாம் அடியைச் சொன்னாள்.

வந்தது இருபத்தெட்டின் அடி.

ஸ்பீக்கர் விசுவாசமாக அதைத் திருப்பி முழங்கினாள். பல்லக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். மறுபடி முதல் அடி. மறுபடி இருபத்தெட்டு. சரியான அடி எப்படித் தொடங்கும்? முதல் எழுத்து என்ன? எழுபத்திரண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரலாம் என்று பார்த்தாள். எழுபத்திரண்டைக் கொண்டுவருவதே எழுபத்தொன்றின் இரண்டாம் அடிதான். அந்தக் கை இல்லாமல் அது வருவதாயில்லை. உள்ளே கதவு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. மூன்றாவது முறை சொன்னாள். நாக்கு, அவள் கற்றுக்கொடுத்ததைத் துளியும் பிசகாமல் சொன்னது.

"ஐயோ" என்றாள் கேமராவுக்கு முன்னால்.

இத்தனை சுற்றுக்குப் பிறகு மற்றவர்களுக்கும் அந்த அடி பிடிபடவில்லை. கடைசியில் ஸ்பீக்கர்தான் தன் பைக்குள் கையை விட்டு, எட்டு வருடமாக ஒளித்துவைத்திருந்த கசங்கிய புத்தகத்தை எடுத்தாள். ஓரகத்தி அதைப் பார்த்து வாசித்து நூற்றெட்டையும் முடித்தாள். சால்வை அம்மாள் இரண்டு கையையும் கூப்பி, தடுமாற்றமும் பக்திதான் என்று கேமராவிடம் சொன்னார்.

விளக்குகளை அணைத்ததும் பெண்கள் ஓரகத்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்காவுக்கே வராத எடம். உனக்கு எப்படி வரும்? நீ ஏன் அழுறே?" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். ஓரகத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பல்லக்காவின் கையைப் பிடித்தாள். நடிப்பு இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"எனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சுன்னா செத்தே போயிருப்பேன் அக்கா. உங்களுக்கும் வரலன்னதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. எல்லாம் அந்த ஆபரேஷனாலதான் அக்கா, மருந்து ஞாபகத்தையும் எடுத்துடுமாம். நீங்க கவலைப்படாதீங்க. இனிமே வரும்போது புத்தகம் கொண்டுவாங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பதில் சொல்ல வேண்டுமென்றால் பல்லக்கா உண்மையைச் சொல்ல வேண்டும். கையை விடுவித்துக்கொண்டு செருப்பைத் தேடி மாட்டினாள்.

மறுநாள் விடியற்காலை சமையலறையில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, நேரே நூற்றெட்டு வரை. இவ்வளவுதானா என்று இருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஆரம்பித்தாள். எழுபத்தொன்றில் ஓரகத்தியின் முகம் தானாக வந்து எதிரில் நின்றது. அடுத்தாற்போல் இருபத்தொன்பது வந்தது. விடாமல் சொன்னாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது, யாரும் கிடைக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது. கீழே ஸ்பீக்கர் வேனைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

புருஷன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றார். "மணி ஏழாகப் போவுது. இன்னுமா முடியல?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இரு" என்று கையை மட்டும் காட்டினாள். அறுபத்தொன்பது முடிந்திருந்தது. எழுபதைச் சொல்லிக்கொண்டிருந்த நாக்கு பயத்தில் உலர்ந்துபோயிருந்தது.